நெடுந்தொலைவு சைக்கிள் பயணத்தில் உடன் வருபவரின் பொறுப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் 300 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தொலைவு சைக்கிள் பயணம்) ஒன்றில் கணவனும் மனைவியுமாக இருவர் கலந்துகொண்டார்கள். புதுச்சேரி வரை சென்று சென்னைக்குத் திரும்பும் வழியில், மரக்காணம் அருகே ஒரு தேநீர்க் கடையில் நின்றபோது, கணவருடைய கைக்கடிகாரப் பட்டை மணிக்கட்டுச் சதைக்குள் அழுந்திப் பதிந்திருந்ததை மனைவி பார்த்தார். "என்னங்க, காலையில லூசாதானே கட்டியிருந்தீங்க?" என்று கேட்டதற்கு அவர் சரியாகப் பதில் சொல்லவில்லை. தலை சுற்றுகிறது, இன்னொரு பாட்டில் தண்ணீர் வேண்டும் என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா தண்ணீரைக் கொடுக்காமல், பிரெவே அட்டையில் அச்சிட்டிருந்த அவசர எண்ணை அழைத்தார். இரவு எட்டு மணியளவில் அவரை எங்களிடம் கொண்டுவந்தபோது இரத்தத்தில் சோடியம் 124 இருந்தது. இயல்பாக அது 135க்குக் குறையக் கூடாது. அன்று பகலில் மட்டும் அவர் ஒன்பது லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீர் குடித்திருந்தார்.

விளையாட்டு மருத்துவராக நான் பார்க்கும் சைக்கிள் ஓட்டிகளில் பெரும்பாலானவர்கள் கை மரத்துப்போனது, முழங்கால் வலி, இருக்கைப் புண் என்று வருகிறவர்கள். அவற்றைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. உயிருக்கு ஆபத்தான மூன்றைப் பற்றி, அதாவது சோடியம் குறைவு, வெப்பத் தாக்கு, தூக்கம் ஆகியவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இந்த மூன்றுமே முதலில் மூளையைத்தான் பாதிக்கின்றன. ஆகவே பாதிக்கப்பட்டவருக்குத் தமக்கு ஏதோ ஆகிறது என்பது தெரியாது. அருகில் மிதித்துக்கொண்டிருப்பவர்தான் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

பிரெவே பந்தயம் அன்று. 1904இல் தோன்றிய பாரிஸ் ஆடாக்ஸ் கழகத்தின் விதிப்படி, குறித்த நேரத்துக்குள் குறித்த தொலைவைச் சொந்த முயற்சியில் முடிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணி நேரம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் 1200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்துக்கு 90 மணி நேரம். வழியில் அட்டையில் பதிவு வாங்க வேண்டிய இடங்களான கன்ட்ரோல்களுக்கு இடையே துணை வாகனம் பின்தொடர அனுமதி இல்லை. இந்த விதி நல்லதுதான், ஆனால் அதன் விளைவு என்னவென்றால், அடுத்த கன்ட்ரோல் வரை உங்களைக் கவனிக்கும் மருத்துவரும் உறவினரும் உடன் வருபவர் ஒருவரே.

வெயிலில் மிதிக்கிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை "நிறையத் தண்ணீர் குடி" என்பது. அது பாதி உண்மை. வியர்வையோடு உப்பும் போகிறது. நெடுநேர உழைப்பின்போது சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றுவதும் குறைகிறது. அந்த நிலையில் தாகத்துக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தம் நீர்த்து, மூளை வீங்கத் தொடங்குகிறது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானை ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும் அது அதிகமாக இருந்தது. நாங்களோ இருபது மணி நேரம் மிதிக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறோம். ஓ.ஆர்.எஸ். கலந்து குடித்தால் போதும் என்று நம்புகிறவர்களும் உண்டு. அந்தக் கரைசலில் உள்ள சோடியம் இரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவு என்பதால், அதையும் அளவுக்கு மீறிக் குடித்தால் இதே நிலைதான் வரும். தாகம் எடுக்கும்போது குடிப்பது, சாப்பாட்டில் உப்பு சேர்ப்பது, வலி மாத்திரையைத் தவிர்ப்பது ஆகிய மூன்றுமே நான் சொல்லக்கூடிய தற்காப்பு. குறிப்பாக இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்றவை உடல் வறண்டிருக்கும்போது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீர் தேங்குவதையும் கூட்டும்.

ஆகவே ஒவ்வொரு கன்ட்ரோலிலும் உடன் வருபவரின் விரல்களைப் பாருங்கள். மோதிரம் இறுகியிருக்கிறதா, கையுறையைக் கழற்றச் சிரமப்படுகிறாரா, வயிறு உப்பி வாந்தி வருவதுபோல் இருக்கிறது என்கிறாரா என்று கவனியுங்கள். குழப்பமாகப் பேசினால் மேலும் தண்ணீர் கொடுக்காதீர்கள். வழியில் உள்ள சிறு மருத்துவமனையில் "ஒரு குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பலாம்" என்று நினைப்பது நம் ஊரில் சாதாரணம். சோடியம் குறைந்தவருக்கு அந்தக் குளுக்கோஸ் நீர் நிலைமையை இன்னும் மோசமாக்கும். இரத்தச் சோடியத்தை உடனே பரிசோதிக்க வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, எத்தனை லிட்டர் குடித்தார் என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

உடல் நெருப்பாகச் சுட்டு, கூடவே பேச்சும் நடையும் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. வியர்த்துக்கொண்டிருந்தாலும் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல், நிழலில் கிடத்திக் கிடைக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பின்மேல் ஊற்றி விசிறுங்கள். குளிர்வித்தல் முதலில், கொண்டுசெல்லுதல் பிறகு.

இருவராகச் செல்வதில் ஒரு கெடுதலும் இருக்கிறது. தனியாகச் செல்பவர் முடியவில்லை என்றால் நின்றுவிடுவார். இருவராகச் செல்பவர்களில் எவரும் முதலில் வாய் திறப்பதில்லை. "அவனுக்காகத்தான் டாக்டர் நான் மிதிச்சேன்" என்று ஒருவரும், அதே சொற்களை அவருடைய நண்பரும் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்து என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. எனவே புறப்படுவதற்கு முந்தைய நாளே ஓர் உடன்பாடு வேண்டும்: யார் "நிறுத்தலாம்" என்றாலும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது, ஒருவர் விலகினால் மற்றவர் தொடரலாமா, கூடவே இருக்க வேண்டுமா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். களைத்த மூளையோடு சாலையோரத்தில் நின்று முடிவெடுக்கும் விஷயமல்ல இது.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிர்க்காற்றில் பலமானவர் முன்னால் செல்ல, மற்றவர் நிழல்போல் பின்தொடர்ந்தால் பின்னவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். ஆனால் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் நுழையக் கூடாது. அப்படி உரசி விழுந்து காறை எலும்பு முறிந்தவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். முன்னால் செல்பவர் பள்ளத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பேச்சு நின்றுபோன இணைதான் பள்ளத்தில் விழுகிறது.

இனி தூக்கம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்குகிறது என்று 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுவோருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து 400 கிலோமீட்டர் பிரெவேக்குக் கிளம்பியவர் இரவு ஒன்பது மணிக்கே அந்த நிலையை அடைந்துவிடுகிறார். அதற்குப் பிறகும் இரவு முழுவதும் மீதமிருக்கிறது. உடன் வருபவர் சாலையோரத்து வெள்ளைக் கோட்டை விட்டு அடிக்கடி விலகினால், கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொன்னால், கெஞ்ச வேண்டாம், நிறுத்திவிடுங்கள். பெட்ரோல் பங்க்கிலோ கோயில் மண்டபத்திலோ அலாரம் வைத்து இருபது நிமிடம் படுத்தெழுவது, கன்ட்ரோல் மூடும் நேரத்தைக் கணக்கிட்டாலும் கட்டுப்படியாகும்.

முடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் பயணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 40 மணி நேரம் விழித்திருந்தவர்கள் அட்டையில் கையெழுத்து வாங்கியதும் காரில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். மிதித்தவர்கள் இருவருமே ஓட்டுநர் இருக்கையில் உட்காரக் கூடாது. முடிவிடத்துக்கு வந்து அழைத்துச் செல்லும் மூன்றாவது ஆளை, பதிவுக் கட்டணம் கட்டும் நாளிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள்.