கேட்கிறது, பேச முடியவில்லை: வண்டி வயர்லெஸ்ஸில் பழுது தேடும் முறை

வண்டியில் பொருத்திய வயர்லெஸ் செட்டைப் பற்றி அடிக்கடி வரும் புகார் இது: "கேக்குது, ஆனா பேச முடியல." எதிர்முனைக் குரல் நாள் முழுக்கத் தெளிவாக வரும். மைக்கில் பட்டனை அழுத்தியதும் திரை மங்கும். அல்லது செட்டே அணைந்து மறுபடி உயிர்பெறும். அல்லது எதிரே இருப்பவர் "விட்டு விட்டு வருது" என்பார். செட்டைக் கழற்றிக்கொண்டு போய் பழுது பார்ப்பவரின் மேசையில் வைத்தால் ஒரு குறையும் இருக்காது. திரும்ப வண்டியில் மாட்டினால் பழைய கதைதான்.

50 வாட் வி.எச்.எஃப் (30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலை) செட் ஒன்று கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்போது அரை ஆம்பியர் அளவுக்குத்தான் மின்சாரம் எடுக்கும். பட்டனை அழுத்திய கணமே அது 10 முதல் 12 ஆம்பியராக ஏறும். 13.8 வோல்ட்டில் 11 ஆம்பியர் என்றால் சுமார் 150 வாட். அதில் 50 வாட் ஏரியலுக்குப் போகிறது. மீதி 100 வாட்டும் செட்டின் முதுகிலுள்ள அலுமினியத் துடுப்புகள் வழியே வெப்பமாக வெளியேறுகிறது. இருபது மடங்கு மின்னோட்டம் பாயும் அந்தச் சில நொடிகளில்தான் வயரிங்கின் பலவீனம் வெளிப்படும்.

துரு ஏறிய ஒரு லக்கில் (வயரின் முனையில் போல்ட்டுக்காக அழுத்திய உலோகக் கண்ணி) 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்கும்போது அங்கே இழப்பு 0.05 வோல்ட், யாருக்கும் தெரியாது. பேசும்போது 12 ஆம்பியர் பாய்ந்தால் இழப்பு 1.2 வோல்ட். எஞ்சின் ஓடாமல் 12.4 வோல்ட்டில் நிற்கும் பேட்டரியிலிருந்து செட்டுக்குக் கிடைப்பது 11.2 மட்டுமே. இத்தகைய செட்டுகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு 13.8 வோல்ட்டுக்கு 15 சதவீதம் மேலே, கீழே, அதாவது 11.7 முதல் 15.8 வரை. அதற்குக் கீழே போனால் சில செட்டுகள் பவரைக் குறைத்துக்கொள்ளும், சில அணைந்தே போகும்.

இந்த 0.1 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவில் தேடுவது வீண். மீட்டரின் வயர்களுக்கே அதைவிடக் கூடுதலான தடை இருக்கும். வோல்ட் அளவில், பட்டனை அழுத்திக்கொண்டே தேட வேண்டும். முதலில் ஏரியலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 50 ஓம் டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் போலி ஏரியல்) மாட்டுங்கள். அலைவரிசையில் மற்றவர்களுக்குத் தொல்லை இருக்காது. ரேடியோ அலை பக்கத்திலிருக்கும் டிஜிட்டல் மீட்டரைக் குழப்பிப் பொய் எண் காட்டுவதும் குறையும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் பட்டனை அழுத்த, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும் மறுமுனையைச் செட்டின் பிளக்கில் பிளஸ் வயரிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது பிளஸ் பாதையில் தொலையும் வோல்ட். மைனஸ் பாதைக்கும் அப்படியே. இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்கு மேல் போனால் எங்கோ தடை கூடியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் முனைகளை வைத்து நகர்ந்துகொண்டே வந்தால், பியூஸ் ஹோல்டரா, லக்கா, இடையில் யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஒட்டா என்பது சில நிமிடங்களில் அகப்படும். பியூஸ் ஹோல்டர்தான் முதல் சந்தேகம். கண்ணாடிக் குழாய் பியூஸின் ஸ்பிரிங் தளர்ந்து சூடேறி, பிளாஸ்டிக் உருகி, பியூஸ் மட்டும் போகாமல் இருக்கும். பிளேடு பியூஸுக்கு மாற்றிவிடுவது நல்லது.

வயரின் கனமும் கணக்குதான். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு வரை 4 மீட்டர் என்றால் போக வர 8 மீட்டர். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டால் 12 ஆம்பியரில் 1.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீட்டரில் 0.4 வோல்ட்தான். சிகரெட் லைட்டர் சாக்கெட் 5 வாட் கைச்செட்டுக்குச் சரி. 50 வாட்டுக்கு அந்த ஸ்பிரிங் தொடுப்பும் அதன் மெல்லிய வயரும் தாங்காது. நேராகப் பேட்டரிக்குப் போவதே ஒழுங்கான வழி.

பியூஸைப் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் வைக்க வேண்டும். அது காப்பது வயரை, செட்டை அல்ல. எஞ்சின் அறைத் தகட்டில் வயர் நுழையும் துளையில் ரப்பர் குரோமெட் இல்லாவிட்டால் அதிர்வில் தகடு காப்புறையை அறுத்துவிடும். அப்போது பேட்டரியின் மொத்த மின்சாரமும் பாடியில் பாயும். பியூஸ் செட்டின் பக்கத்தில் இருந்து என்ன பயன்? மைனஸ் வயரைப் பேட்டரி முனையிலேயே இணைத்தால் அதிலும் ஒரு பியூஸ் வேண்டும். எஞ்சினின் எர்த் பட்டை அறுந்துபோனால், ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் செட்டின் மைனஸ் வயர் வழியாகத் திரும்ப முயலும். புதிய வண்டிகளில் மைனஸ் முனையில் பேட்டரி சென்சார் ஒன்று இருக்கும். அவற்றில் பாடி எர்த் போல்ட்டில் பெயின்ட்டைச் சுரண்டி இணைப்பதே சரி.

லாரி, பஸ் என்றால் பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் பரவலாக உண்டு, தவறு. ஒன்று எப்போதும் குறைவாகவும் மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகி, இரண்டும் சீக்கிரம் சாகும். 24-இலிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர், குறைந்தது 15 ஆம்பியர் தொடர்ந்து தரக்கூடியதாக, வாங்க வேண்டும்.

மின்சாரம் சரி என்றால் அடுத்தது ஏரியல். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளக் கம்பி ஏறத்தாழ 49 சென்டிமீட்டர். கம்பி பாதிதான், மறுபாதி அதன் அடியில் விரிந்திருக்கும் கூரைத் தகடு. அதனால்தான் கூரை நடுவில் வைத்தது நன்றாகவும், பம்பர் ஓரத்தில் வைத்தது ஒரு பக்கம் செவிடாகவும் இருக்கிறது. ஏரியலைக் கூரையில் ஒட்டி நிறுத்தும் காந்த அடித்தளம் தகட்டைத் தொடுவதே இல்லை. பெயின்ட்டைக் கடந்து மின்தேக்கி போல இணைகிறது. அடியில் மணலும் துருவும் சேர்ந்தால் அந்த இணைப்பு கெடும், பெயின்ட்டும் போகும். மாதம் ஒருமுறை தூக்கித் துடைத்துவிடுங்கள். இழுத்து நகர்த்தினால் கீறல் விழும்.

அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் சொல்லும். 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது, கவலை இல்லை. 2 என்றால் 11 சதவீதம். 3 என்றால் 25 சதவீதம். இப்படி அதிகம் திரும்பும்போது பல செட்டுகள், அலையை ஏரியலுக்குத் தள்ளும் தம் இறுதி டிரான்சிஸ்டரைக் காக்கத் தாமே பவரைக் குறைத்துவிடும். அப்போது 'செட் பவர் போச்சு' என்ற தீர்ப்பு தவறாக எழுதப்படும்.

ஆனால் நல்ல எண்ணும் ஏமாற்றும். கதவிடுக்கில் நசுங்கியோ, கூரையில் இணைப்பு வழியே மழைநீர் இறங்கியோ கெட்ட கோஆக்ஸ் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றிச் செப்புப் பின்னல் கொண்ட ஏரியல் கேபிள்) போகும் சக்தியையும் தின்னும், திரும்பும் சக்தியையும் தின்னும். மீட்டருக்குத் திரும்பி வருவது குறைவு. எண் அழகாக 1.3 என்று நிற்கும். அலையோ வெளியே போவதில்லை. இதைப் பிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. மீட்டரைச் செட்டின் பக்கம் வைத்து, கேபிளின் மறுமுனையில் ஏரியலைக் கழற்றிவிட்டு, மிகக் குறைந்த பவரில் ஓரிரு நொடி மட்டும் அழுத்திப் பாருங்கள். 5 மீட்டர் நல்ல ஆர்.ஜி-58 கேபிளில் ஒரு வழி இழப்பு 1 டெசிபல் (ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சக்தி) அளவுதான். எல்லாம் திரும்பி வந்து எஸ்.டபிள்யூ.ஆர் 8-ஐத் தாண்ட வேண்டும். 2 என்று காட்டினால் ஒரு வழியில் மட்டும் கிட்டத்தட்ட 5 டெசிபல் போகிறது. மூன்றில் இரண்டு பங்கு சக்தி கேபிளுக்குள்ளேயே சூடாகிறது. உறையை உரித்தால் செப்புப் பின்னல் கறுத்திருக்கும். வெட்டி ஒட்டாமல் முழுக் கேபிளையும் மாற்றுங்கள்.

மல்டிமீட்டர் வைத்தும் பாதி தெரிந்துகொள்ளலாம். கேபிளின் நடுக்கம்பிக்கும் கம்பி ஏரியலுக்கும் இடையே தொடர்ச்சி இருக்க வேண்டும். நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே இருக்கக் கூடாது. அடியில் சுருள் வைத்துப் பொருத்தம் செய்த சில ஏரியல்களில் இங்கே ஷார்ட் காட்டும். அது வடிவமைப்பே அப்படி. பழுதென்று கழற்றிப் போட்டுவிடாதீர்கள். கேபிள் முனையிலுள்ள பி.எல்-259 பிளக்கில் பின்னல் சால்டர் ஆகாமல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருப்பது, வண்டி குலுங்கும்போது மட்டும் சிக்னல் அறுந்துபோவதற்கு வழக்கமான காரணம். அழுத்தியபடி கேபிளை அசைக்க, எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் முள் ஆடினால் குற்றவாளி அங்கேதான்.

இரைச்சலுக்கு வருவோம். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளை ஆல்டர்னேட்டருடையது. ஏரியலைக் கழற்றிய பிறகும் அது கேட்டால் மின்வயர் வழியே வருகிறது. பேட்டரிக்கு நேராக இழுக்காத வயரும், பழுதான ஆல்டர்னேட்டர் டையோடும் இதில் முதல் சந்தேகத்துக்குரியவை. ஏரியலைக் கழற்றியதும் நின்றால் காற்று வழியே வருகிறது. அப்போது எஞ்சினை விட்டுவிட்டு, டேஷ்கேம், மலிவான யு.எஸ்.பி சார்ஜர், பின்னாளில் மாட்டிய எல்.இ.டி விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். இவற்றின் உள்ளே வேகமாகத் திறந்து மூடும் சுவிட்ச் சர்க்யூட் நம் அலைவரிசை வரை குப்பை வீசும். சார்ஜர் வயரில் ஃபெரைட் வளையம் மாட்டலாம். சார்ஜரையே மாற்றுவது அதைவிடப் பலன் தரும். இந்த இரைச்சலை அடக்க ஸ்குவெல்ச்சை (வலுவற்ற சிக்னலில் ஒலியை அடைக்கும் அமைப்பு) ஏற்றிவிட்டு, பிறகு தூரத்து நிலையம் கேட்கவில்லை என்று செட்டைக் குறை சொல்பவர்களும் உண்டு.

ரிப்பீட்டர் (நம் குரலை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் நிலையம்) கேட்கிறது, நாம் அழுத்தினால் அது திறக்கவில்லை என்றால் மீட்டரை எடுக்கும் முன் அமைப்புகளைப் பாருங்கள். அமெச்சூர் (பொழுதுபோக்கு வயர்லெஸ்காரர்களின்) 2 மீட்டர் அலைவரிசையில், நாம் கேட்கும் எண்ணுக்கும் அனுப்பும் எண்ணுக்கும் வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். அதன் திசை தவறாக இருக்கலாம். ரிப்பீட்டரைத் திறக்கக் குரலுக்கு அடியில் போக வேண்டிய தொனி, 67.0 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டியலில் ஒன்று, மாறியிருக்கலாம்.

மைக்கில் சுருள் வயர் இரு முனைகளிலும் கழுத்தருகே உள்ளே அறும். பட்டன் தூசியால் சிக்கினாலோ, மைக் சீட்டுக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் இடையே மாட்டினாலோ, செட் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது, செட்டும் வேகும். நீண்ட நேரம் அனுப்பினால் தானே நிறுத்தும் டைம்-அவுட் வசதி இருந்தால் 3 நிமிடத்தில் வைத்துவிடுங்கள். மைக்கைக் கொக்கியில் மாட்டும் பழக்கம் அதைவிட நல்லது.

வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் செட் ஏற்கெனவே கொதித்திருக்கும். கண்ணாடியை இறக்கிச் சிறிது நேரம் கழித்துக் குறைந்த பவரில் தொடங்குங்கள். துடுப்புகளுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். விசிறி இருந்தால் அதன் பஞ்சுத் தூசியைப் பிரஷ்ஷால் எடுங்கள். இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்யும் முன்பும், பாடியில் வெல்டிங் வைக்கும் முன்பும் செட்டின் மின் பிளக்கையும் ஏரியலையும் கழற்றிவிட வேண்டும். பிளஸ், மைனஸ் மாறிப்போனால் உள்ளே இருக்கும் காப்பு டையோடு ஷார்ட் ஆகி பியூஸை எரித்துச் செட்டைக் காப்பாற்றும். அப்படி எரிந்த பியூஸுக்குப் பதில் 30 ஆம்பியரோ சிகரெட் தாளோ வைத்தால் எரியப் போவது சர்க்யூட் போர்டு.

இவ்வளவும் பார்த்து, பிளக்கில் பேசும்போதும் 13 வோல்ட் நிற்கிறது, டம்மி லோடில் பவர் மீட்டர் 50-க்குப் பதில் 8 வாட் காட்டுகிறது என்றால் பழுது செட்டுக்குள்ளேதான்; பெரும்பாலும் இறுதி டிரான்சிஸ்டர் அல்லது மாட்யூல். சர்வீஸுக்கு அனுப்பும் சீட்டில் 'வேலை செய்யவில்லை' என்று எழுதாமல், அலைவரிசை, அழுத்தும்போது பிளக்கில் வோல்ட், ஆம்பியர், டம்மி லோடில் வாட், சூடானபின் மாறுகிறதா என்ற ஐந்தையும் எழுதி அனுப்புங்கள்.