நிலக்காட்சியா, இயற்கைக் காட்சியா?

ஓவியக் கண்காட்சி அழைப்பிதழ் எதைப் பிரித்தாலும் ‘இயற்கைக் காட்சி நீர் நிற ஓவியங்கள்’ என்றே அச்சடித்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் முதல் படத்தில் ஓட்டு வீடு, மின்கம்பம், கொடியில் காயும் துணி. அடுத்த படத்தில் ரயில்வே கேட். தன் வட்டாரத்தையே ஆயுள் முழுக்க வரைந்துகொண்டிருக்கும் ஓவியர் கண்ணில் பட்டதை வரைந்திருக்கிறார். இதில் இயற்கை எங்கே வந்தது?

‘இயற்கைக் காட்சி’ என்று இவர்கள் மொழிபெயர்க்கும் ஆங்கில ‘லேண்ட்ஸ்கேப்’ டச்சு வழியாக வந்த சொல். அங்கே ‘லான்ட்ஸ்காப்’ என்றால் நிலப்பகுதி, வட்டாரம். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓவியர்களின் கலைச்சொல்லாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. கண்ணெதிரே விரியும் நிலத்தையே அப்படிச் சொல்லும் வழக்கம் அதற்குப் பிறகுதான். ஆக, சொல்லின் வேரில் இருப்பது நிலம். இயற்கை என்ற பேச்சே இல்லை.

அந்த டச்சுக்காரர்கள் வரைந்தது என்ன? 17ஆம் நூற்றாண்டில் யாக்கோப் வான் ரைஸ்டால் ஹார்லெம் நகரைத் தூரத்திலிருந்து பல முறை வரைந்தார். படத்தில் பெரும்பகுதி வானமும் மேகமும்தான். கீழே வயலில் நீளநீளமாகத் துணி விரித்து வெளுக்கிறார்கள். அடிவானத்தில் தேவாலயம் நிற்கிறது. வெளுப்பது மனிதர் செய்யும் தொழில். அதை இயற்கை என்று எந்த வாயால் சொல்வது? வாட்டர்கலர் எனும் நீர்வண்ணத்திலும் இதே கதைதான். 1800இல் ஆங்கில ஓவியர் தாமஸ் கிர்ட்டின் லண்டனை ஒட்டிய செல்சியில் தேம்ஸ் நதியை வரைந்தார். மங்கும் வெளிச்சத்தில் ஆறும் கரையும் ஒன்றாகக் கலந்து கிடக்க, நம் கண்ணைப் பிடித்து நிறுத்துவது ஒரேயொரு வெள்ளை வீடு. இயற்கைக் காட்சி என்றால் அந்த வீட்டை அழித்துவிடத்தான் வேண்டும்.

தமிழில் நிலம் வெறும் மண்ணும் அல்ல. தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும். அந்த நிலத்தின் கருப்பொருளில் மரமும் பறவையும் மட்டுமா இருக்கின்றன? உணவு, தொழில், பறை, தெய்வம் எல்லாம் சேர்த்தி. எந்த இடம், எந்த வேளை என்ற இரண்டையும் பிடிக்கத்தானே ஓவியர் தாளோடு வெயிலில் உட்காருகிறார்? ‘நிலக்காட்சி’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கிலும் இருக்கிறது. இதைத் தள்ளிவிட்டு இயற்கையைக் கூப்பிட ஒரு காரணமும் எனக்குப் புலப்படவில்லை. சிலர் ‘திணை ஓவியம்’ என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் திணைக்குள் காதலும் பிரிவும் இருக்கின்றன. ரயில்வே கேட்டின் மேல் அவ்வளவு பாரம் ஏற்ற வேண்டாம். ‘நிலத்தோற்றம்’ புவியியல் பாடத்துக்குப் போய்விட்டது, அங்கேயே இருக்கட்டும்.

இவை எல்லாவற்றிலும் மோசம் ‘நிலப்பரப்பு’. பரப்பு என்றால் அளவு, எத்தனை ஏக்கர் என்று கேட்கும் சொல். எந்திர மொழிபெயர்ப்பு இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ‘அரசியல் நிலப்பரப்பு மாறிவருகிறது’ என்று செய்தியில் வருகிறது. அரசியல் களம் என்றால் குறைந்தா போகும்? செல்போனைப் படுக்கைவாட்டில் திருப்பினால் அதுவும் ‘நிலப்பரப்புப் பயன்முறை’யாம்.

சரி, நீர் நிறத்துக்கு வருவோம். நிறம் பொருளின் தன்மை, பூசுவது வண்ணம். ‘நீர் நிறம்’ என்றால் தண்ணீருக்கு என்ன நிறம் என்ற அறிவியல் கேள்வி மாதிரி இருக்கிறது. வண்ணப்பொடியை வேல மர வகையின் பிசினில் குழைத்து, நீரில் கரைத்துப் பூசுகிறார்கள். நீர் ஆவியாகிப் போகும். பொடி தாளில் ஒட்டி நிற்கும். நீர் வெறும் ஊடகம், ஆகவே நீர்வண்ணம். வண்ணம் வடமொழி வர்ணத்திலிருந்து வந்தது என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு: தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைப் பேசுகிறது. அங்கே அது சந்தத்தைக் குறிக்கிறது என்பது வேறு விஷயம். இவ்வளவு காலம் நம் வாயில் புழங்கிய சொல்லை எங்கே போய் விரட்டுவது?

வண்ணம் தீட்டுமுன் பென்சிலால் போடும் கோட்டுப் படத்துக்கு நெடுநல்வாடையிலேயே ‘புனையா ஓவியம்’ என்று அழகான சொல் இருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை, ‘ஸ்கெட்ச்’தான். நீர்வண்ணக்காரர்களின் ‘வாஷ்’ நுட்பத்தையோ ‘கழுவுதல்’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். வண்ணத்தை நீர்க்கக் கரைத்துத் தாளில் ஒரே ஓட்டமாகப் படரவிடும் வேலை அது. எதையும் யாரும் கழுவவில்லை. நீர்ப்பூச்சு என்று சொன்னால் தூரிகை பிடிக்காதவருக்கும் விளங்கும்.