அடம் இல்லை, மருந்து

இரத்தப் புற்றுநோய் வார்டில் ஆறு வயதுப் பையன். மனநல ஆலோசகரான என்னை அழைத்தபோது அவனுக்குச் சிகிச்சை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. "ரொம்ப அடம். அம்மாவையே அடிக்கிறான்" என்றார்கள்.

கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். டெக்ஸாமெத்தசோன் போய்க்கொண்டிருந்தது. இந்த ஸ்டீராய்டு அகோரப் பசியைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும், பல குழந்தைகளுக்கு எரிச்சலையும் அழுகையையும் கொண்டுவரும். மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், தன் வளர்ப்புதான் சரியில்லையோ என்று அந்த அம்மா மூன்று வாரம் குமைந்திருக்க மாட்டார்.

அப்புறம் பையன் என்னிடம் கேட்டான்: "தம்பியை அடிச்சதுக்குத்தான் ஊசி போடுறாங்களா?" இந்த வயதில் நோயைத் தண்டனை என்று நினைப்பது சகஜம். நாமும் "சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்று சொல்லித்தானே வளர்க்கிறோம்? தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுக்கு மேல் போகும். முதுகுத்தண்டில் பலமுறை ஊசி உண்டு. முதல் ஊசிக்கு நாலு பேர் அமுக்கிப் பிடித்தால், அடுத்த ஊசிக்கு முந்தின இரவே குழந்தை தூங்காது. பயத்தில் உடம்பு விறைத்தால் ஊசி இறங்குவதும் கஷ்டம். இதில் மனம் எது, உடம்பு எது என்று எப்படிப் பிரிப்பது?

பிரிட்டனில் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் குழந்தையோடு இருக்கலாம் என்று, மருத்துவமனையில் குழந்தைகள் நலனை ஆராய்ந்த பிளாட் குழு 1959-லேயே பரிந்துரைத்தது. இங்கே இன்னும் ஊசி அறை வாசலிலேயே அம்மாவை நிறுத்திவிடும் இடங்கள் இருக்கின்றன.

எல்லாம் முயன்றுவிட்டுக் கடைசியில் எங்களைக் கூப்பிடுவதுதான் எனக்கு ஆற்றாமை. காய்ச்சலையும் இரத்த அணுக்களையும் எழுதும் அதே தாளில் தூக்கம், பயம், விளையாட்டு மூன்றையும் எழுதலாம். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நாங்களும் கூட நிற்கலாம். பெற்றோரும் முதல் நாளே கேளுங்கள்: "இந்த மருந்து குழந்தையின் குணத்தை மாற்றுமா?"

அந்தப் பையனுக்கு ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் க்ரீம் தடவினோம். ஊசியில்லாத சிரிஞ்சைக் கொடுத்துப் பொம்மைக்குப் போடச் சொன்னோம். "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லவில்லை. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தார். அவன் அழுதான்தான். ஆனால் யாரும் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.