வாசனைத் தைலம் தேய்த்துவிடும் சுகத்தில் தைலத்தின் வேலை எது, கையின் வேலை எது?

ஏற்காட்டுக்குப் போனால் ஏரிக்கரைக் கடையில் யூகலிப்டஸ் தைலம் ஒரு குப்பியாவது வாங்காமல் இறங்குபவர்கள் குறைவு. வீட்டுக்கு வந்ததும் அதில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஒரு சொட்டு. முதலில் இரண்டும் ஒரே மாதிரி ஊறிப் பரவும். மறுநாள் பார்த்தால் நல்லெண்ணெய்க் கறை பஜ்ஜி மடித்த தாள் மாதிரி அப்படியே இருக்கும். தைலம் விழுந்த இடம் தெரியாது. அங்கேயும் பிசுக்கு இருந்தால் தைலத்தில் சமையல் எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள். டர்பன்டைனைக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் சிக்காது, அதுவும் ஆவியாகிவிடும்.

பெயர் என்னவோ எண்ணெய்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு சாதி. நல்லெண்ணெயின் மூலக்கூறுகள் கனமானவை, பறக்காது. யூகலிப்டஸ் தைலத்தின் முக்கியச் சரக்கான சினியோலின் மூலக்கூறு அவற்றின் எடையில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்குதான். அதன் கொதிநிலை 176 டிகிரி. ஆனால் இலையிலிருந்து அதைப் பிரிக்க அவ்வளவு சூடு வேண்டாம். ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்கள் சேர்ந்து சூடாகும்போது இரண்டின் ஆவியழுத்தமும் கூட்டுச் சேரும். அந்தக் கூட்டுத்தொகை காற்றழுத்தத்தைத் தொட்டதும் கொதிக்கத் தொடங்கும். அதனால் நீராவியோடு சேர்ந்து 100 டிகிரிக்குக் கீழேயே தைலம் வெளியேறிவிடும். 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 95 டிகிரியில் கொதிக்கும். அங்கே காய்ச்சினால் இன்னும் கொஞ்சம் கீழே.

லேசாக இருப்பதால்தான் தோலுக்குள்ளும் நுழைகிறது. தோலின் மேலடுக்கு கொழுப்பால் பூசிய செங்கல் சுவர் மாதிரி. தண்ணீரை விடாது, கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறுகளை விடும். வியன்னா ஆய்வாளர்கள் 1992-இல் கடலை எண்ணெயில் லாவெண்டர் தைலத்தைக் கலந்து ஒருவர் வயிற்றில் பத்து நிமிடம் தேய்த்தார்கள். 5 நிமிடத்திலேயே அதன் வாசனைப் பொருள்கள் இரத்தத்தில் தெரிந்தன, 20 நிமிடம் வாக்கில் உச்சம், 90 நிமிடத்தில் ஏறக்குறைய காலி. உச்சத்திலும் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 100 நானோகிராம், அதாவது ஒரு கிராமைக் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. அதுவும் ஒரே ஒரு ஆள். இதை வைத்துக்கொண்டு 'நச்சை வெளியேற்றும்' என்று குப்பியில் அச்சடிப்பது எனக்கு ஒப்பவில்லை.

தைலம் தடவினால் ஜில்லென்று இருக்கிறதே என்பீர்கள். தோல் பெரிதாகக் குளிர்ந்துவிடவில்லை. குளிரை உணரும் நரம்பு நுனிகளில் டி.ஆர்.பி.எம்.8 என்ற புரதம் இருக்கிறது. சினியோலும் மென்தாலும் அதைத் தொட்டுத் திறந்துவிடும். மூளை 'குளிர்' என்று எழுதிக்கொள்ளும். மென்தாலை வைத்து இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தவர்களில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படாபூட்டியனும் உண்டு. தொடுதலையும் வெப்பத்தையும் உடல் உணரும் விதத்தைக் காட்டியதற்காக 2021-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

மிச்ச வேலை மூக்குக்கு. மற்ற புலன்களின் செய்தி நடுவில் ஓர் அலுவலகத்தில் முத்திரை வாங்கித்தான் மேலே போகும். வாசனை மட்டும் உணர்ச்சியையும் நினைவையும் பார்த்துக்கொள்ளும் பகுதிகளுக்கு நேராகப் போய்விடும். ஆகவே எந்த வாசனை அமைதி தரும் என்பது ஆளைப் பொறுத்தது. எனக்கு யூகலிப்டஸ் என்றால் காய்ச்சல், கம்பளி, ஆவி பிடித்த அலுமினியச் சட்டி. லாவெண்டரோ சோப்பைத் தவிர எதையும் நினைவூட்டாது.

கலக்கும் அளவு: 30 மில்லி நல்லெண்ணெய்க்கு 12 சொட்டு தைலம், சுமார் 2 சதவீதம். தைலத்தை அப்படியே பூசினால் சிலருக்குத் தோல் சிவந்து எரியும். திறந்து நாளாகிக் காற்றுப் பட்ட தைலம் இன்னும் மோசம், ஒவ்வாமை கிளம்பும். கைக்குழந்தையின் மூக்கருகே யூகலிப்டஸையோ கற்பூரத்தையோ தடவவே கூடாது. குடிக்கவும் கூடாது, கொஞ்சம் உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

சரி, கைக்கு வருவோம். என் கணக்கில் சுகத்தில் பாதிக்கு மேல் அதுதான். நம் ஊரில் அமுக்குவது வேறு, பிடித்துவிடுவது வேறு, நீவுவது வேறு. நீவுவதற்கென்றே தோலில், குறிப்பாக முடி முளைக்கும் இடங்களில், தனி நரம்பிழைகள் உண்டு. செய்தியை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில்தான் கடத்தும், படுமந்தம். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடம்புச் சூட்டோடு வருடினால்தான் நன்றாகத் துடிக்கும். அதைவிட வேகமாகத் தேய்த்தால் அடங்கிவிடும்.

சேலத்தில் எங்கள் அம்மாயி வாசனைத் தைலம் எதையும் தொட்டதில்லை. நல்லெண்ணெயை இரும்புக் கரண்டியில் எடுத்து அடுப்பில் காட்டி, உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பார்த்துவிட்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இறங்குவார். அந்த ஒரு தரத்துக்கு ஐந்து நொடியாவது ஆகும். "எதுக்குடா அவசரம்?" என்பார், நாங்கள் நெளிந்தால்.