துரு முதலில் தமிழ் வரியைத்தான் தின்கிறது

சிங்கப்பூரில் காலாங் பக்கம் ஒரு பெரிய வடிகால் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம், நானும் ஒரு நண்பரும். வேலியில் கம்பி போட்டுக் கட்டிய பழைய எச்சரிக்கைப் பலகை, நான்கு மொழியிலும் எழுதியது. ஆங்கிலம் பளிச்சென்று இருந்தது, நடு வரிகள் கொஞ்சம் மங்கல், கடைசி வரியான தமிழில் 'அபா' வரைக்கும்தான் மிச்சம். 'யம்' இருந்த இடத்தில் விரல் நுழையும் ஓட்டை. "பாருங்க, இதுலயும் நம்ம மொழிதான் முதல்ல போகுது" என்றார் நண்பர். சிரித்துவிட்டோம். ஆனால் அவர் சொன்னது உண்மை, அதற்குக் காரணமும் இருக்கிறது.

நம் ஊர் நான்கு மொழிப் பலகைகளில் தமிழ் பெரும்பாலும் கீழ் வரி. மழை பெய்தால் தண்ணீர் பலகை மேல் வழிந்து கீழ் விளிம்புக்கு வரும், வந்ததெல்லாம் உடனே சொட்டிவிடாது, கடைசித் துளி பரப்பு இழுவிசையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கும். மேல் பக்கம் காய்ந்து ஒரு மணி நேரம் ஆனாலும் கீழ் விளிம்பு ஈரமாகவே இருக்கும். இன்னொரு கோளாறு பெயின்ட்டில். ஈரமாக இருக்கும்போது பெயின்ட் கூர்மையான விளிம்பிலிருந்து பின்வாங்கும், அதுவும் அதே இழுவிசை செய்கிற வேலைதான். ஆகவே எங்கே தண்ணீர் அதிக நேரம் நிற்கிறதோ அங்கேதான் பெயின்ட்டும் மெல்லிசு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரியே 80க்கு மேல். பிறகு என்ன நடக்கும்?

பழைய பலகைகளைத் தேடி அலையும் ஆசை எனக்குச் சில வருடங்களாக உண்டு. முதலில் நானும் எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அது எப்படிக் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன், ஏனென்றால் என்ன பொருளில் செய்தது, ஏறக்குறைய எந்தக் காலத்தது, யாராவது மறுபடி பெயின்ட் அடித்தார்களா என்பதெல்லாம் கெட்டுப்போன விதத்திலேயே தெரிந்துவிடும்.

பழையவற்றில் ராஜா எனாமல் பலகை. நம் வீட்டு எனாமல் தட்டு, கோப்பைகளின் அண்ணன்தான். கண்ணாடியைப் பொடியாக்கி, இரும்புத் தகட்டின் மேல் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் சூளையில் வைத்தால் பொடி உருகித் தகட்டோடு ஒட்டிவிடும். அதாவது பெயின்டே கிடையாது, மேலே இருப்பது கண்ணாடி. வெயில் அதை ஒன்றும் செய்யாது. நூறு வருடத்துக்கு முந்தைய எனாமல் நீலம் இன்றும் அதே நீலம்தான்.

இரும்பு தட்டினால் வளையும், கண்ணாடி உடையும், இரண்டும் எப்படி இத்தனை காலம் சேர்ந்து குடித்தனம் பண்ணுகின்றன? சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது இரும்பு கண்ணாடியைவிடச் சற்று அதிகமாகச் சுருங்கும்படி கண்ணாடிக் கலவையைத் தயாரிப்பார்கள். அதனால் ஆறிய பிறகு மேலே இருக்கும் கண்ணாடி எப்போதும் அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். கண்ணாடியை இழுத்தால்தான் சட்டென்று விரிசல் விடும், அழுத்தினால் நன்றாகவே தாங்கும். ஒட்டுவதற்கு அடிப்பூச்சில் கோபால்ட் ஆக்சைடு சேர்ப்பார்கள், அதனால் அந்தப் பூச்சு கருநீலமாக இருக்கும், அதற்கு மேல்தான் வெள்ளையோ வேறு நிறமோ வரும். எங்காவது சில்லு பெயர்ந்திருந்தால் குனிந்து பாருங்கள்: வெளியே வெள்ளை, அதற்குள் மெல்லிய கருநீல வளையம், நடுவில் பழுப்புத் துரு. இந்த வளையம் இருந்தால் பெரும்பாலும் அசல் எனாமல். கடைகளில் 'விண்டேஜ்' என்று சொல்லி விற்கும் மெல்லிய தகட்டில் துரு இருக்கும், அதுவும் பல நேரம் அச்சடித்த துரு. வளையம் இருக்காது.

எனாமலுக்கு எமன் போல்ட். ஓட்டையைச் சுற்றி முறுக்கி இறுக்கும்போது கண்ணாடியில் நுண்ணிய கீறல் விழும், அதன் வழியே தண்ணீர் இரும்பைத் தொடும். துரு அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் மேலே உள்ள கண்ணாடியை அடியிலிருந்து நெம்பித் தூக்கும், தூக்கிய சில்லு விழுந்ததும் அடுத்த வட்டத்துக்குள் ஈரம் போகும். அதனால்தான் பழைய எனாமல் பலகைகளில் நாலு மூலையிலும் பிறை பிறையாகப் பெயர்ந்திருக்கும், நடு மட்டும் புதுசு போலிருக்கும்.

சாதாரண பெயின்ட் பலகையின் கதை வேறு. அதற்கு வெயில்தான் எதிரி, நாமோ பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றேகால் டிகிரி தள்ளி இருக்கிறோம். சிவப்பு முதலில் வெளிறும். சிவப்பு என்றால் நீலம், பச்சை போன்ற ஆற்றல் அதிகமான ஒளியை விழுங்கிக்கொள்கிற நிறம் என்று பொருள், பழைய சிவப்புச் சாயங்கள் பலவற்றுக்கு அதைத் தாங்கும் திராணி இல்லை, மூலக்கூறு உடைந்து ரோஸாகிவிடும். கறுப்பு அப்படியே நிற்கும். கறுப்பு என்பது வெறும் கரி, அதற்கு மேல் உடைய என்ன இருக்கிறது? வெள்ளையில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளை பெயின்ட்டில் உள்ள டைட்டானியம் டையாக்சைடு புற ஊதாக் கதிர் பட்டால் தன்னைச் சுற்றியுள்ள பிசினையே அரிக்கத் தொடங்கும். பழைய வெள்ளைப் பலகையைத் தடவினால் விரலில் சுண்ணாம்பு போல மாவு ஒட்டுவது இதனால்தான்.

இதை வைத்து ஒரு வித்தை செய்யலாம். கறுப்பு எழுத்து தனக்குக் கீழே உள்ள பூச்சை வெயிலிலிருந்து காக்கிறது, சுற்றியுள்ள வெள்ளை மாவாகித் தேய்கிறது. பல வருடம் கழித்து எழுத்து மயிரிழை அளவு மேடாக நிற்கும். மேலே வேறு பெயின்ட் அடித்திருந்தாலும் சரி, இரவில் போன் டார்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் அந்த மேட்டின் நிழல் விழுந்து பழைய பெயர் தெரியும். இப்போதைய பச்சைப் பலகைகளுக்கு முன்னால் நம் தெருப் பெயர்கள் வெள்ளையில் கறுப்பாக இருந்தனவே, அவற்றில் இதைச் செய்து பார்க்கலாம். முதல்முறை ஒரு எழுத்து இருட்டிலிருந்து எழும்பி வந்தபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது, பொய் சொல்லவில்லை.

டார்ச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்று பலகையைப் பாருங்கள். பெயின்ட் என்றால் மங்கலாகவே இருக்கும். ஒளி திருப்பும் தாள் ஒட்டியது என்றால் பூனைக் கண் போல எரியும். அந்தத் தாளுக்குள் இருப்பவை மணலைவிடச் சிறிய கண்ணாடி மணிகள். உள்ளே நுழையும் ஒளி வளைந்து மணியின் பின்பக்கத்தில் குவிந்து, வந்த வழியே திரும்பிவிடும், அதனால் விளக்கு பிடித்த ஆளுக்கு மட்டும் அது பிரகாசமாகத் தெரியும். 3எம் நிறுவனம் இத்தகைய தாளை 1930களின் கடைசியில் கொண்டுவந்தது. பிறகு வந்தவற்றில் மணிக்குப் பதில் மூன்று கண்ணாடிகள் செங்குத்தாகச் சந்திக்கும் மூலைகள், அதாவது நுண்ணிய பட்டகங்கள். அப்போலோ 11 வீரர்கள் 1969இல் நிலவில் வைத்துவிட்டு வந்த லேசர் பிரதிபலிப்பானும் இதே மூலைத் தத்துவம்தான். தாள் வழவழவென்று இருந்தால் பழைய ரகம், தேன்கூடு போலக் கட்டம் தெரிந்தால் அதற்கு அடுத்த தலைமுறை, சாய்சதுரம் சாய்சதுரமாக மின்னினால் பட்டகம்.

வயது பார்க்க எழுத்தும் உதவும். மைல் கணக்கு இருந்தால் 1970களின் மெட்ரிக் மாற்றத்துக்கு முந்தையது என்று பெரும்பாலும் தைரியமாகச் சொல்லலாம். தாத்தா காலத்து ஆட்கள் மைலைக் 'கல்' என்பார்கள், மலாய்க்காரர்கள் 'பத்து' (batu) என்பார்கள், நம் பத்து அல்ல, மலாயில் அதற்கும் கல் என்றுதான் பொருள். கணக்கு தொடங்கியது பொது அஞ்சலகம் இருந்த ஃபுல்லர்ட்டன் கட்டடத்தில். கற்கள் பெரும்பாலும் போய்விட்டன, பெயர் மட்டும் புக்கிட் பாஞ்சாங்கில் 'டென் மைல் ஜங்ஷன்' என்று எல்ஆர்டி எனும் இலகு ரயில் நிலையமாக 2019 வரை இருந்தது.

எங்கே தேடுவது என்று கேட்டால், மரங்களைப் பாருங்கள் என்பேன். தூங்குமூஞ்சி மரத்தில் எப்போதோ அடித்த தகட்டைப் பட்டை இரு பக்கமும் உதடு போல மூடி விழுங்கியிருக்கும். மரம் உயர்வது நுனியில்தான், அடிமரம் பருக்க மட்டுமே செய்யும், அதனால் ஐந்தடி உயரத்தில் அடித்த ஆணி ஐம்பது வருடம் கழித்தும் ஐந்தடியிலேயே இருக்கும், ஆழம்தான் கூடும். கண்டால் பிடுங்காதீர்கள். சாலைப் பலகையைக் கழற்றி எடுத்துப் போவது திருட்டு, அது வேறு விஷயம். படம் எடுங்கள், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கோ தேசிய மரபுடைமைக் கழகத்துக்கோ எழுதுங்கள்.

நான் முறையாக வாங்கியது ஒன்றே ஒன்று. சுங்கை ரோடு சந்தையில் ஒரு சீன அங்கிளிடம், எனாமல் வீட்டு எண் தகடு, நீலத்தில் வெள்ளையாக 47. வீட்டுக்குக் கொண்டுவந்து குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டு இரவெல்லாம் ஊறவைத்துத் தேய்த்தேன். துரு போய்விட்டது, கூடவே ஒரு ஓரத்தில் பளபளப்பும் போய்விட்டது. புளியின் அமிலம் துருவைக் கரைத்து வெறும் இரும்பை வெளியே விட்டுவிட்டது, நம் ஊர்க் காற்று சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்திருந்தது.

பழம்பொருள் பாதுகாப்பு நிபுணர்கள் துருவைச் சுரண்டி எறிவதில்லை, பல நேரம் அதை மாற்றிவிடுகிறார்கள். டானிக் அமிலக் கரைசலைத் தடவினால் அது துருவோடு சேர்ந்து கருநீலமான, எளிதில் கரையாத இரும்பு டானேட் படலமாகிறது. கேள்விப்பட்டது போலிருக்கிறதா? நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். கடுக்காயில் டானின், அன்னபேதியில் இரும்பு. அதற்காகக் கடுக்காயை அரைத்துப் பலகையில் பூசிவிடாதீர்கள், கறைதான் மிஞ்சும். நிபுணர்கள் அந்த டானேட் படலத்துக்கு மேல் நுண்படிக மெழுகு ஒரு பூச்சு கொடுப்பார்கள். தேவைப்பட்டால் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின், பிடிக்கவில்லை என்றால் அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம். திரும்ப எடுக்க முடியாத எதையும் பூசக்கூடாது என்பது அவர்கள் விதி, புது பெயின்ட் அடித்து 'புதுப்பிப்பது' அதற்கு நேர் எதிர். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம், பழைய மஞ்சள், சிவப்புப் பூச்சுகளில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும்.

ஏர்கான் அறையில் வைத்தால் பத்திரம் என்று நினைத்தேன், அதுவும் தப்பு. குளிர்ந்த தகட்டை வரவேற்பறைக்கு எடுத்துவந்தால் கோப்பிக் கடை ஐஸ் கிளாஸ் போல வியர்க்கும். இப்போது கேமராவுக்கு வாங்கிய உலர்பெட்டியில், 45 விழுக்காடு ஈரத்தில் இருக்கிறது. துரு அடங்கிவிட்டது. பின்பக்கம் இரண்டு ஓட்டைகளைச் சுற்றி சிமென்ட் ஒட்டியிருக்கிறது, ஆகவே ஏதோ ஒரு வீட்டுத் தூணில் இருந்திருக்கிறது. எந்தத் தெரு என்று அந்த அங்கிளிடம் கேட்கத் தோன்றவில்லை, சந்தையும் 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடிவிட்டது.