குத்தகைப் பதிவு: வயலில் இறங்கினால் போதாது, பதிவேட்டிலும் ஏற வேண்டும்

தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடிக் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற விடாது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரை வட்டாட்சியரின் குத்தகை உரிமைப் பதிவேட்டில் ஏற்ற வழி செய்கிறது. வாய்மொழிக் குத்தகையும் செல்லும். சட்டசபை தன் வேலையை முடித்துவிட்டது; அலைச்சல் தாலுகா அலுவலகத்தில் தொடங்குகிறது.

குத்தகைதாரரோ அவர் குடும்பத்தினரோ வயலில் உடலுழைப்புத் தந்திருக்க வேண்டும் என்பது முதல் கண்ணி. விசாரணையில் “எல்லாம் ஆள் வைத்துத்தான் செய்கிறேன்” என்று சற்றுப் பெருமையாகச் சொல்லி, அந்த ஒரு வரியாலேயே மனு தள்ளுபடியான பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். விடியற்காலையில் மண்வெட்டியோடு மடை திருப்பப் போனவர் அவர்தான். அதைக் கேட்கவும் ஆளில்லை, அவருக்குச் சொல்லவும் தோன்றவில்லை.

அடுத்தது சான்று. கொள்முதல் நிலையத்தில் நெல்லை நிலக்காரர் பெயரில் போட்டு, பணத்தையும் அவர் கணக்குக்கே வரவிடுகிறவர், தாம் உழுததற்கான தடயத்தைத் தாமே அழிக்கிறார். உர ரசீது, பயிர்க் காப்பீட்டு ரசீது, குத்தகை அளந்த சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். பிறகு அது நீங்கள் வெறும் காவல்காரர் என்று எழுதிக் கொடுத்த தாளாக மாறி வரும்.

“நிலக்காரர் கையெழுத்து வாங்கி வா” என்று திருப்பி அனுப்புவார்கள். அவருக்கு அறிவிப்பு அனுப்பி விசாரிப்பது அதிகாரியின் கடமை. அவர் சம்மதம் தேவையில்லை. “சிவில் கோர்ட்டுக்குப் போ” என்பார்கள். குத்தகைதாரர் யார் என்று பதிவேட்டுக்காக முடிவு செய்வதை சிவில் நீதிமன்றத்திடமிருந்து விலக்கி, இதே அதிகாரியிடம் தந்திருப்பது அந்த 1969ஆம் ஆண்டுச் சட்டமேதான். இதைத் தாலுகா அலுவலகத்துக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிலக்காரர் குத்தகையை வாங்க மறுத்தால், பெருந்தன்மை என்று நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். பாக்கி சேர்ந்தால் அதுவே வெளியேற்றக் காரணமாகும். உரிய காலத்திலேயே வருவாய் நீதிமன்றத்தில் அதைச் செலுத்தலாம்.

பதிவு ஆனதும் ஒன்றிய அரசின் விவசாயி உதவித்தொகையான பி.எம். கிசான், ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரும் என்று யாராவது தரகு கேட்டால் கொடுக்காதீர்கள். அது நில உடைமையாளருக்கு மட்டுமே.

மனுவைத் தகராறு வரும் முன்பே கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் விழாமல் மேசையை விட்டு நகராதீர்கள். மறுப்பு ஆணை வந்தால் அது கைக்குக் கிடைத்த நாளை உறையின் மேலேயே குறித்து வையுங்கள். கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யக் கெடு உண்டு.