ஃமா என்று அடித்தால் மாங்குளம்

"தம்பி, பஸ் வெளிக்கிடப் போகுது, கெதியா அடிச்சுத் தாங்கோ" என்று ஓர் அம்மா கடிதத்துக்காகப் பக்கத்தில் நிற்கும்போதுதான் இலங்கையின் வடக்கிலுள்ள எங்கள் வன்னியின் ஊர்ப்பெயர்கள் எவ்வளவு நீளம் என்று விரலுக்குத் தெரியும். புதுக்குடியிருப்பு என்ற ஒரே சொல்லுக்கு, கணினி எழுத்துகளைச் சேமிக்கிற பொது முறையான யூனிகோட்டில், 18 குறிகள், கனகராயன்குளத்துக்கு 13. அதோடு காணி அனுமதிப்பத்திரம், கிராம அலுவலர், பிரதேச செயலாளர் எல்லாம் ஒரே கடிதத்தில் நாலைந்து தரம் வரும். கொமியூனிகேசன் கடையில் கடிதம் அடித்துக் கொடுக்கிற எனக்கு, இதையெல்லாம் முழுதாக அடிக்கிறதை விட்டு, ஒரு சின்னச் சுருக்கத்தை அடித்தால் கணினியே முழுச்சொல்லாக விரிக்கும்படி வைத்துக்கொண்ட நாள் பெரிய நிம்மதி.

இந்த வசதி புதிதல்ல. பில் ஜோய் 1976இல் எழுதத் தொடங்கிய வி-ஐ என்ற எடிட்டரின், அதாவது கணினியில் எழுத்து அடிக்கிற மென்பொருளின், வழியில் வந்தது, பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம். இரண்டிலும் சுருக்கம் வைக்கலாம். வேலை செய்கிற விதம் எளிது. நீங்கள் எழுத்தாக அடித்துக்கொண்டு போகும்வரை எடிட்டர் பேசாமல் இருக்கும். இடைவெளி, காற்புள்ளி, என்டர் என்று சொல்லோடு சேராத ஒன்றை அடித்தவுடன் திரும்பிப் பார்த்து, இப்போது முடிந்த சொல் நாம் முன்பே கொடுத்து வைத்த சுருக்க அட்டவணையில் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அதை அழித்துவிட்டு நீளமானதைப் போடும்.

முழுச்சொல்லாகப் பொருந்தினால்தான் மாற்றும் என்பதால் பயமில்லை என்று நினைத்து மாங்குளத்துக்கு "மா" என்று வைத்தேன். பிறகு ஒரு கடைக்காரருக்கு விலைப்பட்டியல் அடித்தபோது "அரிசி மா 5 கிலோ" என்பது "அரிசி மாங்குளம் 5 கிலோ" என்று போய்விட்டது, அச்செடுத்த பிறகுதான் அவர் கண்டு சொன்னார். அதற்குப் பிறகு எல்லாச் சுருக்கத்துக்கும் முன்னால் ஒரு ஆய்த எழுத்துப் போடுகிறேன்: ஃமா, ஃபு, ஃகா. தமிழ்ச் சொல் எதுவும் ஆய்தத்தில் தொடங்காது. தமிழகத்தில் ஃபோன் என்று எழுதுவார்கள், எங்களுக்கு அது போன்தான், அதனால் இங்கே இன்னும் பாதுகாப்பு.

சரி, உண்மையான சிக்கல் இனித்தான். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரைப் போட்டால் அது அப்படியே நிற்கும். தமிழில் மாங்குளம் என்று விரித்து என்ன பயன், எனக்கு வேண்டியது மாங்குளத்தில், மாங்குளத்துக்கு, மாங்குளத்திலிருந்து. மகர ஈறு போய் அத்துச் சாரியை வந்துவிடும். வன்னியில் திரும்பின பக்கமெல்லாம் குளம் என்று முடிகிற ஊர்தான், ஒவ்வொன்றிலும் இந்தத் தொல்லை.

இதற்கு வழி யூனிகோட்டிலேயே இருக்கிறது. நாம் "தி" என்று ஓர் எழுத்தாகப் பார்ப்பது கணினிக்கு இரண்டு குறி, முதலில் த, பிறகு இகரக் குறி. ஆகவே அட்டவணையில் "மாங்குளம்" என்று வைக்காமல் "மாங்குளத்த" என்று வெறும் தகரத்தோடு நிறுத்தி வையுங்கள். அது விரிந்தவுடன் இகரக் குறியும் ல்-உம் அடித்தால் மாங்குளத்தில், உகரக் குறியும் க்குவும் அடித்தால் மாங்குளத்துக்கு. புதுக்குடியிருப்பையும் "புதுக்குடியிருப்ப" என்று வைத்தால் உகரம், இகரம், ஐகாரம் எது வந்தாலும் அந்தப் பகரத்தில் ஏறிக்கொள்ளும். அரைகுறையாக நிற்கிற இந்தச் சொல்தான் முழுச்சொல்லைவிட எனக்குப் பயன்படுகிறது. ஆனால் விண்டோசோடு வரும் இன்ஸ்கிரிப்ட் போல உயிர்க்குறிக்குத் தனி விசை உள்ள விசைப்பலகை அமைப்பு வேண்டும்.

இன்னொன்று, விரிக்க இடைவெளி அடித்தால் அந்த இடைவெளி நடுவில் நின்றுவிடும். விம்மில் கன்ட்ரோலோடு வலப்பக்கச் சதுர அடைப்பை அழுத்தினால் எதுவும் சேராமல் விரியும். கடிதம் அடிக்கிற இன்னொரு மென்பொருளான லிப்ரே ஒபிஸ் ரைட்டரில், ஓட்டோ டெக்ஸ்ட் என்ற சுருக்கப் பட்டியலில் சேமித்துவிட்டுச் சுருக்கத்தை அடித்து எஃப் 3-ஐ அழுத்தினால் அதே வேலை நடக்கும். அதிலேயே பிழையைத் தானாகத் திருத்துகிற ஓட்டோ கரெக்ட் இடைவெளிக்குக் காத்திருப்பதால் உருபு ஏற்கிற சொல்லுக்குச் சரிவராது. கிராம அலுவலர், பிரதேச செயலாளர் போல ரகரத்தில் முடிகிறவற்றையும் கடைசிப் புள்ளியை விட்டுச் சேமிக்கலாம், "அலுவலர" என்று.

எல்லாச் சொல்லுக்கும் இது ஒத்துவராது. கிளிநொச்சி யகரம் கேட்கும், வவுனியா வகரம் கேட்கும், விசுவமடுவும் இரணைமடுவும் உகரத்தில் முடிந்தாலும் உகரத்தை விடாமல் மடுவில் என்றுதான் வரும். இந்த நாலையும் முழுதாகவே வைத்திருக்கிறேன். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளில் இந்தச் சுருக்கங்கள் எடுபடாது, அங்கே திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அவற்றை முதலில் யூனிகோட்டுக்கு மாற்றிக்கொண்டுதான் தொடுகிறேன்.